யூதச் சடங்கிலும் கலையிலும் ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சடங்கு யாருக்கு என்பதை யூத மரபு எதை வைத்து முடிவு செய்கிறது?

புனிதத்தை வைத்து அல்ல, கடமையை வைத்து. பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பு இதற்கு ஒரு விதி வகுக்கிறது. குறித்த நேரத்தில் செய்தே ஆகவேண்டிய கட்டளைகள் ஆண்களைக் கட்டும். பெண்களுக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டு. ‘செய்யாதே’ என்று தடுக்கும் கட்டளைகள் சில நீங்கலாக இருவருக்கும் பொது.

இன்னொரு விதியும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு கடமைக்குத் தானே உட்படாதவர் அந்தக் கடமையை மற்றவருக்காக நிறைவேற்ற முடியாது. தொழுகையை யார் முன்நின்று நடத்தலாம், மோசேயின் ஐந்து நூல்களான தோராவைச் சுருளில் யார் எழுதலாம், யாருக்காக யார் கொம்பு ஊதலாம் என்ற சண்டைகளெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

விலக்குக்கும் விலக்குகள் உண்டு. ஓய்வுநாள் இரவில் திராட்சை இரசக் கிண்ணத்தின்மேல் சொல்லும் கித்தூஷ், பாஸ்காவில் புளிப்பில்லா ரொட்டி உண்பது, நான்கு கிண்ணம் குடிப்பது, எஸ்தர் சுருள் வாசிக்கக் கேட்பது, ஹனுக்கா விளக்கு ஆகியவை நேரத்துக்குக் கட்டுப்பட்டவைதான்; ஆனாலும் பெண்களுக்கும் கடமை. ஆகவே மனைவி கித்தூஷ் சொல்லிக் கணவன் கேட்டால் அவன் கடமை தீர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் ஆணே சொல்வது வழக்கம்தான், சட்டம் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை கீழே வரும் எதுவும் தெளிவாகாது.

ஓய்வுநாள் விளக்கைப் பெண்தான் ஏற்றவேண்டுமா?

கடமை வீட்டுக்கு, பெண்ணுக்கு முன்னுரிமை. தனியாக வாழும் ஆணும் ஏற்றத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கையில் ஏற்றுவது பரவலான வழக்கம். எருசலேமில் 40 நிமிடம் முன்பே ஏற்றுகிறார்கள். குறைந்தது இரண்டு சுடர். வழக்கமாக எந்தச் சடங்கிலும் ஆசிமொழி முதலில், செயல் பிறகு. இங்கே ஆசிமொழி சொன்னவுடன் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன்பின் தீயைத் தொடமுடியாது. அதனால் ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாஸி பெண்கள் முதலில் ஏற்றி, கைகளால் கண்ணை மூடி, ஆசிமொழி சொல்லி, பிறகு கண் திறந்து சுடரைப் பார்க்கிறார்கள். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி பெண்கள் பலர் சொல்லிவிட்டே ஏற்றுகிறார்கள்.

நேரம் தவறுவதுதான் பெரிய பிழை. சூரியன் மறைந்துவிட்டதென்றால் ஏற்றாமலே விட்டுவிடவேண்டும். தாமதமாக ஏற்றுவது ஏற்றாததைவிட மோசம். மறந்துபோன அஷ்கனாஸி பெண் அதன்பின் வாழ்நாள் முழுதும் வாரத்துக்கு ஒரு சுடர் கூடுதலாக ஏற்றும் வழக்கமும் இருக்கிறது. சுடர் இராவுணவு முடியும்வரை எரியவேண்டும், ஆகவே சின்ன மெழுகுவத்தி போதாது. ஏற்றியபின் விளக்குத்தண்டை நகர்த்தக் கூடாது என்பதால், எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வைத்துவிட்டே தீக்குச்சி உரசவேண்டும்.

மாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து எரிக்கிறார்களே, அது என்ன கணக்கு?

அதற்கு ஹல்லா எடுத்தல் என்று பெயர். எருசலேம் கோயில் இருந்த காலத்தில் குருமாருக்குப் போன பங்கு; இன்று யாரும் உண்பதில்லை, எரித்துவிடுகிறார்கள். விளக்கு, மாதவிலக்கு விதி, இது மூன்றையும் பெண்ணுக்குரியவையாக மிஷ்னா சேர்த்துச் சொல்கிறது. அவற்றில் கவனக்குறைவாக இருந்தால் பிரசவத்தில் சாவு என்று அதே இடத்தில் மிரட்டவும் செய்கிறது. அந்த வரியைச் சொல்லாமல் விடுவது இன்றைய பிரசுரங்களின் நாகரிகம்.

கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அரிசி மாவுக்குக் கிடையாது. மாவு ஏறத்தாழ 1.2 கிலோவுக்குக் குறைந்தால் எடுக்கத் தேவையில்லை. அதற்குமேல் 1.67 கிலோ வரை ஆசிமொழி சொல்லாமல் எடுக்கவேண்டும். அதற்கும் மேலே சொல்லி எடுக்கவேண்டும். கடும் கணக்கு வைப்பவர்கள் ஆசிமொழிக்கு 2.25 கிலோ வரை காத்திருப்பார்கள். பிசைந்த மாவில் ஓர் ஆலிவ் பழ அளவு, சுமார் 30 கிராம், கிள்ளி எடுத்து ‘இது ஹல்லா’ என்று சொல்லி, தகட்டுத்தாளில் இறுக்கிச் சுற்றி எரிப்பார்கள். எரிக்க வசதியில்லாதவர்கள் இரட்டையாகச் சுற்றிக் குப்பையில் போடுவார்கள்.

தலா ஒரு கிலோவாக இரண்டு முறை தனித்தனியே பிசைந்துவிட்டு ‘அளவு வரவில்லை’ என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு உருண்டையையும் ஒரே பாத்திரத்தில் வைத்து மேலே துணி போட்டு மூடினாலே ஒரே மாவாகிவிடும், கடமையும் வந்துவிடும். எடுக்க மறந்து ரொட்டி சுட்டு, ஓய்வுநாளும் தொடங்கிவிட்டது என்றால், இஸ்ரேலுக்கு வெளியே இருப்பவர்கள் ஒரு துண்டை மீதி வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓய்வுநாள் முடிந்ததும் அதிலிருந்து எடுக்கலாம். இஸ்ரேலுக்குள் அந்தச் சலுகை இல்லை. எடுக்கும்வரை ரொட்டியைத் தொடமுடியாது. வீட்டில் ஆண் பிசைந்தால் ஆண் எடுக்கலாம்.

மிக்வே என்பது குளியலறையா?

இல்லை. உள்ளே இறங்குமுன்பே குளித்து முடித்திருக்கவேண்டும். மாதவிலக்குக்குப் பிறகு மணமான பெண் மூழ்கி எழும் நீர்த்தொட்டி அது. மதம் மாறுபவர்களும் மூழ்குவார்கள். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூருக்கு முன்னால் ஆண்கள் பலர் மூழ்குவது வழக்கத்தால்.

தொட்டியில் குறைந்தது 40 சேயா தண்ணீர் வேண்டும். அது எத்தனை லிட்டர் என்பதில் 332-இலிருந்து 573 வரை கருத்துகள் உண்டு. கட்டுபவர்கள் எல்லாரையும் திருப்திப்படுத்தப் பெரிதாகவே கட்டிவிடுகிறார்கள். அந்த நீர் பாத்திரத்தால் முகந்ததாக இருக்கக் கூடாது. மழையோ ஊற்றோ தானாக வந்து சேரவேண்டும். குழாய் நீர் முகந்த நீராகக் கருதப்படும். அதனால் பக்கத்தில் ஒரு மழைநீர்க் குழி, நடுச்சுவரில் இரண்டு விரல் நுழைந்து சுழலும் அளவு துளை. துளை வழியே இரண்டு நீரும் தொடும்போது மூழ்கும் தொட்டியும் தகுதி பெறுகிறது. தொட்டி நீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம், குழி நீர் இருக்கும். விரிசல் விழுந்து கசிந்தால் தகுதி போய்விடும்.

மாதவிலக்கு தொடங்கிக் குறைந்தது ஐந்து நாள் (செஃபார்டிகளில் பலருக்கு நான்கு), பிறகு ஏழு சுத்த நாள், அதன் முடிவில் இருட்டியபின் மூழ்குதல். உடலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது: நகப்பூச்சு, மோதிரம், கான்டாக்ட் லென்ஸ், பல்லிடுக்கில் உணவு, தலையில் சிக்கு எதுவும். உடன் நிற்கும் பெண் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு முடிகூட மேலே மிதக்காமல் முழுதும் மூழ்கியதா. மிதந்தால் மீண்டும் மூழ்கவேண்டும். சந்தேகங்களை ஆண் ரபியிடம் (மதகுருவிடம்) கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் வேண்டாத நாட்களைச் சேர்த்துக் காத்திருந்தார்கள். எருசலேமின் நிஷ்மத் கல்வி நிறுவனம் 1999-இல் இதற்கென்றே பயின்ற முதல் பெண் ஆலோசகர்களை அனுப்பியது. இந்த விதிகளில் சமீப காலத்தில் நடந்த மிகப் பயனுள்ள மாற்றம் அதுதான்.

மாதவிலக்கு நாளில் தோராச் சுருளைத் தொடக் கூடாதா?

தொடலாம். தோராவின் சொற்கள் தீட்டை ஏற்பதில்லை என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத். விலக்கான பெண்ணும் சுருளை ஏந்தி வாசிக்கலாம், கை அழுக்காக இல்லாதவரை, என்று 12-ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் சட்டமாகவே எழுதிவைத்தார். ஒதுங்கி நிற்கும் வழக்கம் சில அஷ்கனாஸி ஊர்களில் தோன்றியது. நம்மூர்த் தீட்டுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திப் பார்த்தால் தவறாகும். கட்டுப்பாடு தாம்பத்தியத்தைப் பற்றியது, தொழுகையைப் பற்றியது அல்ல.

பெண்கள் தல்லித்தும் தெஃபிலினும் அணியலாமா?

தல்லித் குஞ்சம் கட்டிய தொழுகைப் போர்வை; தெஃபிலின் தோரா வசனங்களை உள்ளே வைத்துக் கையிலும் தலையிலும் கட்டும் தோல்பெட்டி. கடமையிலிருந்து விலக்கு என்றால் தடை அல்ல. கூஷியின் மகள் மிக்கால் தெஃபிலின் அணிந்தாள், அறிஞர்கள் தடுக்கவில்லை என்கிறது தல்மூத். ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரபி மோசே இஸ்ஸர்லிஸ், தல்லித் அணிவது பகட்டாகத் தெரியும் என்றும் தெஃபிலின் அணிவதைத் தடுக்கவேண்டும் என்றும் எழுதினார். பழைய சட்டத்தை இறுகப் பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் வழக்கம் அதைப் பின்பற்றுகிறது. நடுவழி செல்லும் கன்சர்வேடிவ், சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் சபைகளில் பெண்கள் அணிகிறார்கள். 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் மகள்கள் தெஃபிலின் அணிந்தார்கள் என்ற கதைக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை; வாதத்துக்கு அதை நம்பவேண்டாம்.

தல்லித்தின் குஞ்சம் கட்ட: மூலைக்கு நான்கு நூல், துளையில் நுழைத்து மடித்தால் எட்டு. அதில் ஒன்று நீளமாக இருக்கும், சுற்றுவது அதுதான். இரட்டை முடிச்சு, 7 சுற்று, முடிச்சு, 8 சுற்று, முடிச்சு, 11, முடிச்சு, 13, கடைசி முடிச்சு. துளை ஓரத்துக்கு மிக அருகில் இருந்தால் செல்லாது, மூன்று பெருவிரல் அகலத்தைத் தாண்டி உள்ளே போனாலும் செல்லாது. பெண் கட்டிய குஞ்சம் செல்லும் என்கிறது ஷுல்ஹான் அருஹ் என்ற சட்டநூல். ஆண் கட்டுவதே நல்லது என்று இஸ்ஸர்லிஸ் ஓரத்தில் குறிக்கிறார்.

அப்படியானால் தோராச் சுருளைப் பெண் எழுதலாமா?

இங்கே சட்டம் இறுக்கமானது. தெஃபிலினைக் கட்டக் கடமைப்பட்டவரே அதையும் தோராவையும் கதவுநிலையில் பதிக்கும் மெசூசாவையும் எழுதத் தகுந்தவர் என்று தல்மூத்தின் கிட்டின் பகுதி முடிவுகட்டுகிறது. 304,805 எழுத்தும் பிழையில்லாமல் இருந்தாலும் பெண் எழுதியதென்றால் ஆர்த்தடாக்ஸ் சபை அந்தச் சுருளிலிருந்து வாசிக்காது. எஸ்தர் சுருள் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கேட்பது பெண்ணுக்கும் கடமை, ஆகவே எழுதலாம் என்பவர்கள் பலர்.

ஜென் டெய்லர் ஃபிரீட்மன் 2007-இல் ஒரு முழுத் தோராவை எழுதி முடித்தார். அறியப்பட்டவரை, நவீன காலத்தில் அதைச் செய்த முதல் பெண் அவர். பார்பி பொம்மைக்குத் தல்லித்தும் தெஃபிலினும் மாட்டிவிட்டவரும் அவர்தான். சுருளைவிட அந்தப் பொம்மைதான் அதிகம் பேசப்பட்டது.

சுருள் தவிர மற்ற நூல்களுக்குத் தடை இருந்ததில்லை. ரோமில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாவ்லா என்ற பெண் விளக்கவுரைகளைப் படியெடுத்தார். 1470-களில் மாந்துவாவில் எஸ்தெல்லினா கோனாத் ஒரு எபிரேய நூலை அச்சிட்டுத் தன் பெயரையும் முடிவில் பதித்தார்.

சடங்குப் பொருட்களில் பெண்களின் கைவேலை எங்கே இருக்கிறது?

துணியில். எழுத்து ஆணின் கையில் என்றால் எழுத்தைப் போர்த்துவது பெண்ணின் கையில் இருந்தது. தோராவைச் சுற்றும் பட்டை, உறை, சுருள்களை வைக்கும் பேழையின் முன் தொங்கும் பரோகெத் என்ற திரை மூன்றும் நூற்றாண்டுகளாகப் பெண்கள் தைத்தவை. நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் உள்ள வெனிஸ் திரை ஒன்றை 1680–81-இல் பூவேலை செய்தவர் சிம்ஹா, மெனஹேம் லேவி மெஷுல்லாமியின் மனைவி. பெயரை அவரே அதில் தைத்துவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. ஒட்டோமான் நாட்டில் பொன்னிழை வேலைப்பாடுள்ள மணப்பெண் ஆடையையே பிரித்துத் திரையாக்கி ஜெப ஆலயத்துக்குக் கொடுத்தார்கள்.

ஜெர்மன் யூதரின் விம்பெல் என்ற தோராப் பட்டை இன்னும் சுவையானது. விருத்தசேதனத்தன்று ஆண் குழந்தைக்குப் போர்த்திய லினன் துணியைத் துவைத்து, நீளவாக்கில் மூன்று நான்கு கீற்றாகக் கிழித்து, நுனியோடு நுனி தைத்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர் பட்டை கிடைக்கும். ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்து, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ராசிச் சின்னம், ‘தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயலுக்கும் வளர்வானாக’ என்ற வாழ்த்து ஆகியவற்றைத் தாயோ பாட்டியோ பூவேலையாகச் செய்வார்கள். பிற்காலத்தில் வண்ணமும் தீட்டினார்கள். பிள்ளை மூன்று வயது வாக்கில் முதல்முறை ஜெப ஆலயம் வரும்போது அதைக் கொண்டுவந்து சுருளில் சுற்றுவான். ஊர்ப் பிறப்புப் பதிவேடே ஆலய அலமாரியில் சேர்ந்தது, ஆனால் ஆண் பிறப்புகள் மட்டும். தைத்த பெண்ணின் பெயர் அதில் அநேகமாக இராது.

ஏமனில் பிரிவு வேறுமாதிரி. வெள்ளிக்கம்பி வேலை யூத ஆண்களின் தொழில், பூவேலை பெண்களுடையது.

பழைய ஓவியங்களில் பெண்கள் எப்படி வருகிறார்கள்?

சிரியாவின் துரா-யூரோபோஸ் ஜெப ஆலயச் சுவரில் (சுமார் பொ.ஆ. 245) ஃபாரோவின் மகள் ஆடையின்றி ஆற்றில் நின்று குழந்தை மோசேயைத் தூக்குகிறாள். யூதர்கள் உருவம் வரைய மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய சுவர் அது. பாஸ்கா இரவில் வாசிக்கும் நூல் ஹகதா; 15-ஆம் நூற்றாண்டு டார்ம்ஸ்டாட் ஹகதாவில் பெண்கள் கையில் திறந்த புத்தகத்தோடு இருக்கிறார்கள். படத்தில் இருப்பதால் ஊரில் எல்லாப் பெண்ணும் படித்தாள் என்று முடிவுகட்டக் கூடாது. வரையச் சொன்ன வீட்டாரின் ஆசையும் அதில் இருக்கும்.

ஜெப ஆலயத்தில் பெண்கள் தனியாக உட்காருவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா?

இல்லை. ஜெர்மனியின் வோர்ம்ஸில் 1212–13-இல் பெண்களுக்குத் தனிக் கட்டடமே எழுந்தது. அங்கே பெண்களுக்குப் பாடித் தொழுகை நடத்திய ஊரானியா 1275-இல் இறந்தார். அவர் கல்லறைக் கல்லே அதைச் சொல்கிறது. இன்றைய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் மாடமோ மெஹிட்சா என்ற தடுப்போ இருக்கும். தடுப்பு தோளுயரம் போதும் என்பது ரபி மோசே ஃபைன்ஸ்டைனின் தீர்ப்பு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ரிஃபார்ம் ஆலயங்களில் தடுப்பே இல்லை.

கேரளத்து ஆலயங்கள் தனி ரகம். கொச்சி பரதேசி ஆலயம் (1568), சேந்தமங்கலம், பறவூர் ஆகிய இடங்களில் வாசிப்பு மேடை இரண்டு: ஒன்று கூடத்தின் நடுவில், மற்றது மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு நேர்முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோரா மாடி மேடையில் வாசிக்கப்பட்டது. நடுவே மரச் சல்லடைத் தடுப்பு இருந்தாலும், உலகின் வேறு பல ஆலயங்களில் தொலைவிலிருந்து காது தீட்டிக் கேட்கவேண்டிய பெண்களுக்கு இங்கே வாசிப்பு கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது.

பெண் குரலை ஆண்கள் கேட்கக் கூடாது என்பது உண்மையா?

தல்மூத்தின் ஒரு வரியிலிருந்து அப்படி ஒரு தடை வளர்ந்தது; கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் ஆண்கள் பெண் தனியாகப் பாடும் கச்சேரிக்குப் போக மாட்டார்கள். ஆனால் எல்லாச் சமூகமும் அதை ஒரே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. கொச்சிப் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்களைக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். கையெழுத்து நோட்டுகளில் எழுதித் தலைமுறையாகக் கைமாற்றினார்கள். 1950-களில் இஸ்ரேல் போனபோது நோட்டுகளும் போயின. ஏமனில் ஆண்களின் பாட்டு எபிரேயத்தில் எழுதப்பட்டது. பெண்களின் பாட்டு அரபியில், வாய்மொழியாக, செம்புத்தட்டில் தாளமிட்டு.

திருப்பதி முடிக்கும் யூதப் பெண்களுக்கும் என்ன தொடர்பு?

மணமான ஆர்த்தடாக்ஸ் பெண் தலைமுடியை மறைக்கவேண்டும். முக்காட்டுத் துணி, தொப்பி, அல்லது விக். 2004 மே மாதம் எருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், திருமலையில் மொட்டையடித்த முடியால் செய்த விக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அவர் சார்பில் லண்டனிலிருந்து ஒரு ரபி திருமலைக்கே வந்து பார்த்துப் போயிருந்தார். காரணம், வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பலனும் பெறக் கூடாது என்ற சட்டம். விலை உயர்ந்த விக்குகள் எருசலேமிலும் புரூக்ளின் தெருவிலும் எரிக்கப்பட்டன. செயற்கை இழை விக்குகள் கடைகளில் தீர்ந்துபோயின.

முடியே படையலா, அல்லது மொட்டையடிப்பது பக்தரின் நேர்த்திக்கடனாகி முடி வெறும் மிச்சமா? சர்ச்சை முழுதும் இதில்தான். சன்னிதிக்கு வெளியே கல்யாணகட்டாவில் மழிப்பது, பிறகு தேவஸ்தானம் முடியை ஏலம் விடுவது இரண்டையும் காட்டி மறுத்தவர்களும் உண்டு. செஃபார்டிகளின் ரபி ஓவாதியா யோசெஃபுக்கு இந்தத் தலைவலி இல்லை: அவர் விக்கே கூடாது, துணிதான் என்றவர்.

பத்துப் பேர் கணக்கில் பெண் சேருவாளா? பெண் ரபி உண்டா?

பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும், அதுதான் மிஞ்யான். ஆர்த்தடாக்ஸில் பத்து ஆண்கள். கன்சர்வேடிவ் சட்டக்குழு 1973-இல் பெண்களையும் எண்ணலாம் என்றது. எருசலேமின் ஷிரா ஹதாஷா சபை (2002) பத்து ஆணும் பத்துப் பெண்ணும் வரும்வரை காத்திருக்கிறது. தோரா வாசிக்கும் ஏழு பேரில் பெண்ணும் சேரலாம், ஆனால் ‘சபையின் மதிப்பு’ கருதி வேண்டாம் என்று தல்மூத்தே ஒரே மூச்சில் இரண்டும் சொல்கிறது. சட்டம் திறந்த கதவை மரியாதை மூடிய இடம் இது.

நியூயார்க்கில் 1922 மார்ச் 18 அன்று ஜூடித் கப்லான் பத் மித்ஸ்வா (பெண்பிள்ளை கட்டளைகளுக்கு உட்படும் வயதை எட்டும் சடங்கு) கொண்டாடினார். அமெரிக்காவில் முதன்முதலாகக் கருதப்படும் அதில் அவர் வாசித்தது சுருளிலிருந்து அல்ல, அச்சு நூலிலிருந்து. பெண் ரபி வரிசை ரெகினா யோனாஸிடமிருந்து தொடங்குகிறது: ஜெர்மனியில் 1935-இல் பட்டம், 1944-இல் ஆஷ்விட்ஸில் மரணம். அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவில் சாலி பிரீசாண்ட் 1972, கன்சர்வேடிவில் ஏமி ஐல்பர்க் 1985. ஆர்த்தடாக்ஸ் சாரா ஹர்விட்ஸ் 2009-இல் பொறுப்பேற்றார். பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் அமைப்புகள் ஏற்கவில்லை.

பாஸ்கா தட்டில் ஆரஞ்சு வைப்பது பெண்ணுரிமைக்காகவா?

‘தட்டில் ஆரஞ்சுக்கு இடமில்லாததுபோல மேடையில் பெண்ணுக்கு இடமில்லை’ என்று யாரோ ஓர் ஆண் கத்தியதாகக் கதை. நடந்ததல்ல. ஆரஞ்சை வைத்த அறிஞர் சுசன்னா ஹெஷல் அதை ஒதுக்கப்பட்ட ஒருபாலீர்ப்பாளர்களுக்காக வைத்தார். பெண்களுக்கென்று வந்தது மிரியாமின் கிண்ணம்; எலியாவின் திராட்சை இரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள்.

விவாகரத்தில் பெண்ணின் நிலை என்ன?

இந்த மரபின் தீராத புண் இது. கெத் என்ற 12 வரி விடுதலைப் பத்திரத்தைக் கணவன் விரும்பிக் கொடுக்கவேண்டும். அவளை வற்புறுத்தி விலக்குவதை 1000-ஆம் ஆண்டு வாக்கில் ரப்பேனு கெர்ஷோம் தடைசெய்தார், ஆனால் அவன் கொடுக்க மறுத்தால் அவள் மறுமணம் செய்யமுடியாமல் ‘அகூனா’வாகச் சிக்கிக்கொள்கிறாள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் பத்திரம் செல்லாமல் போகலாம். இஸ்ரேலில் 1995 சட்டப்படி மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தை ரபி நீதிமன்றம் முடக்கலாம், சிறையிலும் அடைக்கலாம். வெளிநாடுகளில் அந்த அதிகாரம் இல்லை. அங்கே பயன் தருவது திருமணத்துக்கு முன்பே போடும் ஒப்பந்தம்: பிரிந்தபின் கெத் கொடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் கணவன் இவ்வளவு தொகை தரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சித்திர வேலைப்பாடுள்ள கெத்துபா மணஒப்பந்தம் சுவரில் தொங்கினால் போதும் என்று நினைக்கும் மணமக்கள் இதையும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போனால் எப்படி நடந்துகொள்வது?

ஆண்கள் தலையை மூடவேண்டும், குல்லா வாசலில் கிடைக்கும். பெண்கள் தோளும் முழங்காலும் மறையும் உடை அணியலாம். ஆர்த்தடாக்ஸ் சபையில் எதிர்பாலரிடம் நீங்களாகக் கை நீட்டவேண்டாம். ஓய்வுநாளில் போன், பேனா, கேமரா எதையும் எடுக்கக் கூடாது. தல்லித் அணிவது யூதருக்குரியது. அழகுக்காக எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். கொச்சி பரதேசி ஆலயம் சனிக்கிழமை பார்வையாளருக்கு மூடியிருக்கும்.